பெயர்ப்பட்டியல் ஏற்றிய கதை

2023 டிசம்பரில் எங்கள் எண்ணூர்ப் பக்கம் ஒரே மாதத்தில் இரண்டு அடி. மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கொசஸ்தலை ஆறு, எண்ணூர் முகத்துவாரம் வரை பரவியது. படகு, வலை, வீட்டுச் சுவர் எல்லாம் கறுப்பு. அந்த நாற்றம் போவதற்குள், 26-ம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பம் அருகே கடலுக்குள் போகும் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மூச்சு முட்டி எழுந்து, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள்.

எண்ணெய்க் கசிவுக்கு அரசு நிவாரணம் அறிவித்தது. பாதிக்கப்பட்ட மீனவர் குடும்பங்கள் சுமார் 2,300-க்குத் தலா 12,500 ரூபாய், படகைச் சரிசெய்ய 10,000 ரூபாய், இன்னும் 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500 ரூபாய். செய்தித்தாளில் இதைப் படித்தவர்கள் தொகையைப் பார்த்திருப்பார்கள். குமாஸ்தாவாக இருந்தவன் என்பதால் எனக்கு முதலில் கண்ணில் பட்டது தலைகளின் எண்ணிக்கைதான். அத்தனை குடும்பம் என்றால் அத்தனை வரி கொண்ட பட்டியல் ஒன்று எங்கோ தயாராகியிருக்கிறது, அது ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குப் போயிருக்கிறது.

நிவாரணப் பட்டியல் அரசாங்கத்தின் வேலை. எங்கள் எர்ணாவூர்க் குடியிருப்போர் சங்கத்தில் எழுந்த கேள்வி வேறு. ராத்திரி ஒரு மணிக்கு மறுபடி இப்படி ஆனால் யார் யாருக்குச் சொல்வது? யார் வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருக்கிறார், யார் வீட்டில் எழுந்து நடக்க முடியாத பெரியவர் இருக்கிறார்? சங்கத் தலைவர் கடலுக்குப் போகிற மனிதர். "சார், நீங்க ஆபீஸ்ல இருந்தவரு. லிஸ்ட்டு போட்டுக் குடுங்க. ஒரு பேரு விட்டுப்போனாலும் ஊரே சண்டைக்கு வரும்" என்றார். சண்டைக்கு வந்தால் பரவாயில்லை. விட்டுப்போன வீட்டுக்கு அந்த ராத்திரி போன் போகாதே என்பதுதான் எனக்குக் கவலை.

அந்தப் பட்டியலைக் கணினியில் ஏற்றிய விதத்தைப் பற்றித்தான் இது. ஓய்வூதியர் சங்கம், கோவில் திருப்பணிக் குழு என்று இதே மாதிரி வேலையைத் தலையில் கட்டிக்கொண்ட நண்பர்கள் சிலர் கேட்டார்கள். கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

எங்களிடம் இருந்தது ஒரு பட்டியல் அல்ல, நாலு. சுனாமிக் குடியிருப்பு வந்த காலத்தில் யாரோ டைப் செய்து வைத்த பழைய பட்டியல் ஒன்று. செல்போனில் படிவம் அனுப்பி இளைஞர்கள் சேர்த்தது ஒன்று. மகளிர் குழுவினர் வீடு வீடாகப் போய் நோட்டில் எழுதி எக்ஸெலில் அடித்தது ஒன்று. நாலாவது, என் தங்கை மகன் போன் எண்களை ஒப்பிட்டுப் பார்த்து பிரான்ஸிலிருந்து அனுப்பியது. எல்லாம் சேர்த்து 612 வீடு. இவற்றை ஒன்றாக்கி வைக்க போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளம். காசு கிடையாது, பழைய மடிக்கணினியிலும் ஓடும். எதிர்வீட்டுப் பெண் கல்லூரியில் அதைப் படித்திருந்தாள். என்னைத் தாத்தா என்று கூப்பிடுவாள். விசைப்பலகை அவள் கையில், காகிதமும் பென்சிலும் என் கையில்.

ஏற்றுவதற்குக் கறுப்புத் திரையில் ஒரே ஒரு கட்டளை: காப்பி. கோப்பிலிருந்து அட்டவணைக்கும், அட்டவணையிலிருந்து கோப்புக்கும் மொத்தமாக நகர்த்தும். இதில் இரண்டு வகை உண்டு. வெறும் காப்பி என்றால் கோப்பு சர்வர் இருக்கும் கணினியில் இருக்கவேண்டும், அதைப் படிக்கத் தனி அனுமதியும் வேண்டும். முன்னால் பின்சாய்கோடு போட்ட காப்பி என்றால் நம் கணினியில் நம் கோப்பையே எடுத்துக்கொள்ளும். நமக்கு வேண்டியது இரண்டாவது. அதை ஒரே வரியில் எழுதவேண்டும், நடுவில் என்டர் தட்டி உடைக்கக்கூடாது.

கட்டளை அரை வரி. அதற்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் எழுதும் அமைப்புகள்தான் வேலை. எதைக் கொண்டு கலங்களைப் பிரிப்பது, மேற்கோள் குறி எது, எழுத்துக் குறியாக்கம் எது, முதல் வரி தலைப்பா, காலியாக இருந்தால் என்ன பொருள்.

"இதெல்லாம் எதுக்கு தாத்தா, எக்ஸெல்ல தெறந்தா தானா வந்துடும்" என்றாள் முதல் நாள். தானாக வருவதுதான் அங்கே தொல்லை. சென்னையில் கதவு எண் பழையது, புதியது என்று இரண்டு. மக்கள் அதை 12/3 என்று எழுதுவார்கள். அந்தக் கோப்பை எக்ஸெலில் இரட்டைச் சொடுக்கு சொடுக்கித் திறந்தால், கதவு எண் மார்ச் மாதத்தில் ஒரு தேதி ஆகிவிடும், அல்லது டிசம்பரில் ஒரு தேதி. பன்னிரண்டாம் பிளாக், ஆங்கில ஈ வரிசை, நாலாம் வீடு என்பதைச் சேர்த்து எழுதியிருந்தால், பன்னிரண்டுக்குப் பின் நாலு பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டு ஒரு லட்சத்து இருபதாயிரம் ஆக்கிவிடும். கேட்காது, சொல்லாது. சேமித்துவிட்டால் பழைய எண் திரும்பி வராது. நமக்கு மட்டும் நேரும் தொல்லையும் அல்ல இது. மனித மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழு, மார்ச்1, செப்ட்1 போன்ற பெயர்களை எக்ஸெல் தேதியாக்கிக்கொண்டே இருந்ததால், பெயர்களையே மாற்றிவிட்டதாக 2020-ல் அறிவித்தது. விஞ்ஞானிகளே மென்பொருளுக்கு வழிவிட்டுப் போனார்கள்.

கறுப்புத் திரைக் கருவி இப்படி யூகிக்காது. எழுதியதைச் செய்யும், எழுதாவிட்டால் தன் இயல்பு அமைப்பை எடுத்துக்கொள்ளும். அந்த இயல்பு அமைப்பு நம் எர்ணாவூரை நினைத்து வைத்தது அல்ல என்பதை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளவேண்டும்.

முதலில் கால்புள்ளி. நம் முகவரியைப் பாருங்கள்: 14, 3-வது தெரு, சுனாமிக் குடியிருப்பு, எர்ணாவூர். ஒரு முகவரியில் மூன்று கால்புள்ளி. கலங்களைப் பிரிப்பதும் கால்புள்ளி என்றால், கருவி முகவரியை நாலாக வெட்டிவிட்டு, கடைசிக் கலத்துக்கு அப்பால் மிச்சம் இருக்கிறது என்று சொல்லி நின்றுவிடும். நின்றால் நல்லது. ஒரு வரியில் கால்புள்ளி ஒன்று கூடுதலாகவும், வேறொரு கலம் விட்டும் போயிருந்தால் எண்ணிக்கை சரியாகிவிடும், ஒவ்வொன்றும் ஒரு கலம் தள்ளி உட்காரும். தெருப்பெயர் இருக்கவேண்டிய இடத்தில் கதவு எண், போன் எண் இருக்கவேண்டிய இடத்தில் ஊர்ப்பெயர். முகவரியை இரட்டை மேற்கோளுக்குள் வைத்தால் கருவி புரிந்துகொள்ளும். படிவத்திலிருந்து வந்த கோப்பில் மேற்கோள் தானாக இருந்தது. நோட்டிலிருந்து அடித்ததில் இல்லை.

பிரான்ஸிலிருந்து வந்த கோப்பில் பிரிப்பானே வேறு: அரைப்புள்ளி. அவளுக்கு ஆச்சரியம். எனக்கு ஆச்சரியமில்லை, நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். மூன்றரை என்பதை மூன்று விர்கூல் ஐந்து என்று சொல்லித்தான் வாய்ப்பாடு படித்தோம். விர்கூல் என்றால் கால்புள்ளி. நாம் தசமப் புள்ளி வைக்கும் இடத்தில் அவர்கள் கால்புள்ளி வைப்பார்கள். எண்ணுக்குள்ளேயே கால்புள்ளி இருக்கும்போது கலம் பிரிக்க அதை எப்படி வைப்பது? அதனால் பிரெஞ்சுக் கணினியில் எக்ஸெல் அரைப்புள்ளியை எடுத்துக்கொள்கிறது. கோப்பின் பெயர் என்னவோ கால்புள்ளியால் பிரித்தது என்றே இருக்கும். அந்த ஒரு கோப்புக்கு மட்டும் பிரிப்பான் அரைப்புள்ளி என்று அமைப்பில் எழுதினோம், தீர்ந்தது. தங்கை மகன் இருப்பது நீஸ் நகரம். அந்த ஊர் அஞ்சல் குறியீடு 06000. எண் என்று எடுத்துக்கொண்டால் முன்னால் இருக்கும் பூஜ்யம் உதிர்ந்துவிடும். நம் நாட்டுப் பின்கோடு எதுவும் பூஜ்யத்தில் தொடங்குவதில்லை என்பதால் அந்த வகையில் பிழைத்தோம்.

சரிசெய்த எல்லாக் கோப்புக்கும் பிறகு நான் ஒரு பொதுவிதி வைத்தேன். பிரிப்பான் செங்குத்துக் கோடு. எந்த முகவரியிலும் யாரும் அதை எழுதுவதில்லை. அலுவலகப் பதிவேட்டில் ஸ்கேல் வைத்துக் கலம் போடுவோமே, அதேதான்.

அடுத்தது எழுத்து. இதில்தான் இரண்டு வாரம் போனது.

வேண்டுமென்றே அமைப்பு எதையும் எழுதாமல், கருவியின் போக்கில் விட்டு ஒரு சோதனை செய்து பார்த்தோம். விண்டோஸ் கணினியில் அது 1252 என்ற மேற்கத்திய எழுத்துத் தொகுப்பை எடுத்துக்கொண்டது. நம் கோப்போ யூனிகோடு, யூடிஎஃப்-8. நிலைமை எப்படி இருந்தது என்று காட்ட, அதே கோப்பை அந்தத் தொகுப்பில் திறந்து திரையில் விட்டாள். நான் சிரித்துவிட்டேன். தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை, திரை முழுக்க பிரெஞ்சு. தலைக்கு மேல் இடப்பக்கம் சாய்ந்த கோடு போட்ட பிரெஞ்சு அகரம், அக்ஸான் க்ராவ் என்று எங்கள் ஆசிரியர் பிரம்பால் காற்றில் கோடு போட்டுச் சொல்லிக்கொடுத்தாரே, அதே எழுத்து வரிசை வரிசையாக நிற்கிறது. பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர் என்ற வணிகக் குறி.

காரணம் எளிது. யூடிஎஃப்-8-ல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். முதல் பைட் எப்போதும் 224, இரண்டாவது 174 அல்லது 175. மேற்கத்தியத் தொகுப்பில் 224 என்பது அந்தப் பிரெஞ்சு அகரம், 174 என்பது வட்டத்துக்குள் ஆர். அதனால் எந்தத் தமிழ்ப் பெயரானாலும் இப்படித்தான் தெரியும். இந்தக் குப்பையை எங்காவது பார்த்தால் பயப்படவேண்டாம். தமிழ் அழியவில்லை, வேறு கண்ணாடி போட்டுப் பார்க்கிறோம், அவ்வளவுதான். குறியாக்கம் யூடிஎஃப்-8 என்று அமைப்பில் எழுதினால் திரும்பிவிடும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ராதா, மாலா போன்ற பெயர்கள் அந்தத் தவறான அமைப்பிலும் சத்தமில்லாமல் உள்ளே போகும், பிரெஞ்சுக் குப்பையாக. முருகன் வந்ததும் கருவி நின்றுவிடும். ஏனென்றால் உகரக் குறியின் மூன்றாவது பைட் 129, மெய்யெழுத்துப் புள்ளியின் மூன்றாவது பைட் 141. மேற்கத்தியத் தொகுப்பில் இந்த இரண்டு எண்ணுக்கும் எழுத்தே கிடையாது. இப்படி ஒரு பைட் இருக்கிறது, இதற்கு ஈடு இல்லை என்று பிழைச் செய்தி வரும். தமிழில் புள்ளியும் உகரமும் இல்லாமல் பத்துப் பெயர் எழுதுவது கஷ்டம் என்பதால் தப்பினோம். தொல்காப்பியர் காலத்துப் புள்ளி இப்போது காவல்காரன் வேலையும் பார்க்கிறது.

சுனாமிக் காலத்துப் பழைய பட்டியல்தான் நிஜமான ஆபத்து. அது பிழையே காட்டாமல் ஏறியது. அந்தக் காலத்தில் எழுத்துரு ஒவ்வொன்றும் ஒரு குறியாக்கம். திரையில் தமிழ் மாதிரி தெரியும், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளும் குறிகளும். அந்த எழுத்துரு கணினியில் இருந்தால் செல்வி, இல்லாவிட்டால் புரியாத ஆங்கிலக் கிறுக்கல். இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1999-ல் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூட்டி டாம், டாப் என்று இரண்டு குறியாக்கத்தைத் தரப்படுத்தினார்கள், பிறகு 2010-ல் தமிழக அரசு யூனிகோடுக்கு வந்தது. ஆனால் பீரோவிலும் பழைய வட்டிலும் கிடக்கும் கோப்புகளுக்கு அரசாணை போய்ச் சேர்வதில்லை. கருவியின் பார்வையில் அவை சரியான எழுத்துகள், அதனால் ஏற்றிக்கொள்ளும். எந்த அமைப்பும் உதவாது. ஏற்றுவதற்கு முன்பே மாற்றி மென்பொருளில் போட்டு யூனிகோடாக்கவேண்டும், பிறகு கண்ணால் படிக்கவேண்டும். நான் படிக்க, அவள் திருத்தினாள். ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இடம் மாறி, ஒகரமும் ஓகாரமும் குழம்பியிருந்த பெயர்கள் நாற்பதுக்கு மேல்.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு சங்கதி. எக்ஸெலில் யூடிஎஃப்-8 என்று தேர்ந்து சேமித்தால் கோப்பின் தலையில் மூன்று பைட் அடையாளம் ஒன்றை வைக்கும், பாம் என்பார்கள். போஸ்ட்கிரெஸ் அதை எடுத்துவிடாது. முதல் வரி தலைப்பு என்று எழுதினால், அந்த வரியோடு அதுவும் தள்ளப்பட்டுவிடும், தொல்லையில்லை. தலைப்பைக் கலத்தின் பெயரோடு ஒப்பிட்டுப் பார் என்று 15-ம் பதிப்பிலிருந்து ஒரு வசதி வந்திருக்கிறது. அதைப் போட்டால், பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் இரண்டு பெயர் பொருந்தவில்லை என்று பிடிவாதம் பிடிக்கும். திரும்ப எக்ஸெலுக்குக் கொடுக்கும்போதோ நேர்மாறு. அந்த மூன்று பைட் இல்லாவிட்டால், இரட்டைச் சொடுக்கில் திறப்பவருக்கு மறுபடி அக்ஸான் க்ராவ் ஊர்வலம்தான்.

தேதி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையை அமைப்பில் எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால், அமெரிக்க வழக்கம் வைத்த கணினியில் 05/06/1948 என்பது மே மாதம் 6 ஆகிவிடும். 25/06 வந்தால்தான் முழிக்கும்.

காலிக் கலத்துக்கு வருகிறேன். போன் எண் கலம் வெறுமையாக இருந்தால் என்ன பொருள்? இந்த ஒரு கேள்விக்குச் சங்கத்தில் முழு மாலை போனது. போஸ்ட்கிரெஸின் இயல்பு அமைப்பில், ஒன்றும் எழுதாத வெறுமை என்றால் தெரியாது என்று பொருள், நல் என்பார்கள். நடுவில் ஒன்றுமில்லாத இரட்டை மேற்கோள் இருந்தால், தெரியும், ஆனால் வெறுமை என்று பொருள். அழகான வேறுபாடு. ஆனால் எக்ஸெலும் படிவமும் இரண்டையும் ஒரே வெறுமையாகத்தான் அனுப்பும். எங்களுக்கோ இரண்டும் ஒன்றல்ல. எண் தெரியாத வீடு என்றால் நாளைக்கே யாராவது போய்க் கேட்டு வரவேண்டும். போனே இல்லாத வீடு என்றால், ஆபத்து வரும் ராத்திரியில் ஒரு ஆள் போய்க் கதவைத் தட்டவேண்டும். மகளிர் குழுத் தலைவிதான் முடிவு சொன்னார்: "இல்லைன்னா இல்லைன்னு எழுதிடணும். காலியா விட்டா கேக்கலைன்னு அர்த்தம்." அலுவலகத்தில் முப்பது வருஷம் படிவத்தோடு மல்லுக்கட்டியவனுக்கும் இதைவிடத் தெளிவாகச் சொல்ல வராது. அந்தக் கலத்தில் இல்லை என்ற சொல்லையே அடித்தோம். அதற்காகப் போன் கலம் எண்ணாக இல்லாமல் எழுத்தாக இருக்கவேண்டும் என்று அட்டவணையில் வைத்தோம். போன் எண்ணைக் கூட்டவோ கழிக்கவோ போவதில்லை, அது எண்ணாக இருந்து என்ன ஆகப்போகிறது?

இதே போன் எண்ணை ஒவ்வொரு வரிக்கும் தனி அடையாளமாக வைக்கலாம், ஒரே எண் இரண்டு தரம் வந்தால் கருவி மறுத்துவிடும், இரட்டைப் பதிவு வராது என்று இளைஞர் ஒருவர் யோசனை சொன்னார். கேட்க நன்றாக இருந்தது. எங்கள் பக்கம் தாய் ஒரு வீடு, மகன் பக்கத்து வீடு, இரண்டுக்கும் ஒரே போன் என்று எத்தனையோ குடும்பம். இரண்டாவது வீடு பட்டியலிலேயே வராமல் போகும். பெயரும் உதவாது, ஒரே பிளாக்கில் மு. செல்வி இரண்டு பேர். பிளாக்கும் கதவு எண்ணும் சேர்ந்ததே அடையாளம் என்று வைத்தோம்.

இப்போது பிழை வந்தால் என்ன செய்வது என்ற அமைப்பு. இதில் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு.

ஓர் அலுவலகத்தில், பெயர் வேண்டாம், ஆரக்கிள் நிறுவனத்தின் லோடர் என்ற கருவியைப் பார்த்திருக்கிறேன். அதற்கு கன்ட்ரோல் ஃபைல் என்று ஒரு கோப்பு எழுதவேண்டும். எந்தக் கோப்பு, எந்த அட்டவணை, எது பிரிப்பான் எல்லாம் அதில் இருக்கும். தபால் பகிர்ந்து தன்பதிவேட்டில் ஏற்றுவது போலவே இருக்கும் என்பதால் எனக்கு அதன் மேல் ஒரு பிரியம். ஏற்ற முடியாத வரிகளை அது தனியாக ஒரு கோப்பில் ஒதுக்கும், பேட் ஃபைல் என்று பெயர். நல்ல வரிகளை ஏற்றிக்கொண்டு போகும். இயல்பு அமைப்பில் 50 பிழை வரை பொறுத்துக்கொள்ளும், அதைத் தாண்டினால் நிறுத்தும். கேட்டால் நியாயமாகத்தான் இருக்கிறது. நடந்தது என்னவென்றால், குடும்ப ஓய்வூதியப் பட்டியல் ஒன்று ஏறி முடிந்தது, அத்தனை ஆயிரம் வரி ஏறியது என்று அறிக்கை போனது, எல்லோரும் டீ குடிக்கப் போனார்கள். ஒதுங்கிய கோப்பில் பதினாலு பெயர் இருந்தது. அதைத் திறப்பது யார் வேலை என்று எந்த உத்தரவிலும் இல்லை. விதவை ஒருவர் மூன்றாம் தரம் படியேறி வந்தபோதுதான் அந்தக் கோப்பையே தேடினார்கள்.

போஸ்ட்கிரெஸ் இதற்கு நேர் எதிர். 612-ல் ஒரு வரி சரியில்லை என்றாலும் ஒன்றையும் ஏற்றாது. எந்த வரி, எந்தக் கலம் என்று சொல்லிவிட்டு முழுவதையும் திருப்பிவிடும். அவளுக்கு இது அலுப்பு. "தாத்தா, புது வெர்ஷன்ல தப்பான வரிய விட்டுட்டுப் போற செட்டிங் இருக்கு" என்றாள். உண்மைதான். 2024 செப்டம்பரில் வந்த 17-ம் பதிப்பில், எண் கலத்தில் எழுத்து இருப்பது போன்ற பிழை வந்தால் அந்த வரியைத் தள்ளிவிட்டுப் போகச் சொல்லலாம். லட்சக்கணக்கான வரி வரும் இடத்தில் அது தேவைப்படும். 612 வீட்டுக்கு வேண்டாம்மா என்றேன். தள்ளப்படும் ஒவ்வொரு வரியும் ஒரு வீடு. பதினொரு தரம் திருப்பி அனுப்பியது, பதினொரு தரம் திருத்தினோம்.

ஏறாமல் போன வரிகளால் ஒரு நாடே தடுமாறியிருக்கிறது. 2020 அக்டோபரில் இங்கிலாந்தில் 15,841 கொரோனா நோயாளிகளின் விவரம் அன்றாடக் கணக்கில் வராமல் போனது தெரியவந்தது. பரிசோதனைக்கூடக் கோப்புகளைப் பழைய எக்ஸெல் வடிவத்தில் மாற்றிச் சேர்த்திருக்கிறார்கள். அந்த வடிவத்தில் ஒரு தாளுக்கு 65,536 வரிதான் இடம். அதற்கு மேல் வந்தது சத்தமில்லாமல் உதிர்ந்தது. அந்த நோயாளிகளுக்கு முடிவு சொல்லப்பட்டிருந்தது. அவர்களோடு பழகியவர்களைத் தேடி எச்சரிக்கும் வேலைதான் பல நாள் தாமதமானது. எனவே எத்தனை வரி அனுப்பினோம், எத்தனை ஏறியது என்ற இரண்டு எண்ணையும் நான் கையால் நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டு வைக்கிறேன். காப்பி முடிந்ததும் கருவியே எண்ணிக்கையைச் சொல்லும், எழுதிக்கொள்ள அரை நிமிஷம்.

ஏற்றுமதி பற்றிச் சுருக்கமாக. ஏற்றுவதைவிட வெளியே எடுப்பதில் எனக்குப் பயம் அதிகம். இந்தப் பட்டியலில் யாருக்கு மூச்சுத் தொல்லை, எந்த வீட்டில் பெண்கள் மட்டும் இருக்கிறார்கள் என்பதெல்லாம் இருக்கிறது. ஆதார், வங்கிக் கணக்கு எண்களை ஆரம்பத்திலேயே வாங்கவில்லை. தூக்கத்திலிருந்து எழுப்ப ஆதார் எதற்கு? காப்பி கட்டளையில் முழு அட்டவணைக்குப் பதில் ஒரு கேள்வியை எழுதலாம்: இந்த பிளாக், இந்த மூன்று கலம் மட்டும். ஒவ்வொரு பிளாக் பொறுப்பாளருக்கும் அவர் பிளாக்கின் பெயர், கதவு எண், போன் எண் மட்டும் போகும். முழுப் பட்டியல் வேண்டும் என்று இதுவரை ஒரு காப்பீட்டு முகவரும், தேர்தல் நேரத்தில் இரண்டு பேரும் கேட்டாகிவிட்டது. கடவுச்சொல்லைக் கட்டளைக் கோப்புக்குள் எழுதி வைக்காதீர்கள், அதற்கென்று தனிக் கோப்பு வைக்க வழி இருக்கிறது.

இந்த அமைப்புகளை எல்லாம் ஒரு தாளில் தமிழில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் காரணத்தோடு, சங்க அலமாரியில் வைத்திருக்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒரு முறை புதுப் படிவங்கள் வரும், மறுபடி ஏற்றவேண்டும். எதிர்வீட்டுப் பெண்ணுக்கு வேலை கிடைத்து சிறுசேரிக்குப் போகிறாள், இனி ஞாயிற்றுக்கிழமைதான் வருவாள். கடைசி ஏற்றத்தில் 612 அனுப்பினோம், 612 ஏறியது. போன் கலம் காலியாக இருந்த 41 வீட்டுக்கும் மகளிர் குழுவினர் நேரில் போய்வந்துவிட்டார்கள். இல்லை என்று எழுதிய வீடு இப்போது 23. அந்த 23-க்கும் எதிரே யார் கதவைத் தட்டுவது என்று ஒரு கலம் சேர்த்திருக்கிறோம். பதினாறு வீட்டுக்குப் பெயர் எழுதியாகிவிட்டது. மீதி ஏழு வீடு கால்வாய்க்கரை ஓரம், ராத்திரியில் அந்தப் பக்கம் நடக்கத் தயாரான ஆள் வேண்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் கேட்கப்போகிறோம்.